வெறும் கவிதை

பிப்ரவரி 7, வெள்ளி

முத்தமிழ் விழா. கல்லூரியில் மெய்யியல் துறை இன்னும் மூடப்படவில்லை என்று காட்டுவதற்காக என்னையும் மேடையில் உட்கார வைப்பார்கள். கடைசி நாற்காலி, முன்னால் பூந்தொட்டி. கீழே இருப்பவர்களுக்கு என் கண்ணாடி மட்டும்தான் தெரியும். எனக்கு அது போதும்.

கவிதைப் போட்டிக்கு நடுவர் தமிழ்த் துறைத் தலைவர் குற்றாலிங்கம். வருடா வருடம் அவர்தான். மே மாதம் ஓய்வு பெறுகிறார் என்பதால் இன்று இரண்டு பொன்னாடை. கவிதைகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பெயர்கள் இருக்கும் உறையை மேடையில்தான் பிரிப்பார்கள். முதல் பரிசுக் கவிதையை, எண் பதினாறை, கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடமாகச் சொன்னார். கைதட்டலுக்கு அங்கங்கே இடம் விட்டார். பிறகு உறையைப் பிரித்துத் தன் துறை மாணவியின் பெயரையே வாசித்தார். இசக்கிபிரியா, மூன்றாமாண்டு. "எம் பிள்ளையேதானா!" என்று மைக்கிலேயே சந்தோஷப்பட்டார்.

அந்தப் பெண் மேடைக்கு வந்தாள். அவர் சான்றிதழை நீட்டினார். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வெக்கப்படுதா" என்றார் கூட்டத்தைப் பார்த்து. கூட்டம் சிரித்தது.

"வெக்கம் இல்ல சார்" என்றாள். அதையும் மைக் எடுத்துக் கொடுத்தது. இறங்கிப் போய்விட்டாள்.

"கவிஞர்னா கோவம் இருக்கத்தானே செய்யும்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தால் மாவு புளித்துப் பொங்கி வழிந்திருந்தது. துடைக்கவே அரை மணி நேரம்.

பிப்ரவரி 8, சனி

விழா மலரில் அந்தக் கவிதை இருக்கிறது, பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டு. தலைப்பு 'திருத்தம்'. இங்கே எழுதி வைக்கிறேன்.

பேனாவைப் பிடித்திருப்பது என் கை.
என் கையைப் பிடித்திருப்பது
இன்னொரு கை.
இந்த வரி தளர்ந்திருக்கிறது, நிமிர்த்துவோம்
என்றது அது.
மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்.
புழுங்கும் என்றது.
தாள் பறக்காமல் பார்த்துக்கொள்ள
என் இடது கையும் வேலையாய் இருந்தது.
வரி நிமிர்ந்தபோது
நான் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தேன்.
இதற்குப் பரிசு உண்டென்றால்
எந்தக் கைக்கு?

கவிதையில் வரும் 'நான்' எழுதியவரைக் குறிக்காது. அது ஒரு பாத்திரம். என் ஆய்வேட்டின் முதல் இயலே அதுதான். ஆனாலும் ஒரு குறிப்பு. எட்டாவது, ஒன்பதாவது வரிகளைத் தவிர மற்றவற்றை வீட்டில் உட்கார்ந்து யோசித்தே எழுதிவிடலாம். அந்த இரண்டை முடியாது. வலது கையை ஒருவர் பிடித்திருக்கும்போது இடது கையால் தள்ளிவிடலாமே என்றுதான் கேட்பவர்களுக்குத் தோன்றும். அந்த இடது கை தாளைப் பிடித்துக்கொண்டிருக்கும், விட்டால் கவிதை பறந்துவிடும், பறந்தால் அவர் சிரிப்பார் என்பதெல்லாம் யோசித்து வருவதில்லை.

இது விமர்சனக் குறிப்பு. வேறொன்றுமில்லை.

வலது மணிக்கட்டு வலிக்கிறது. நேற்று துடைத்த துடைப்பு.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஹெப்சிபா போன் செய்தாள். கணிதத் துறை. பெண்களுக்கான உள்புகார்க் குழுவுக்கு அவள் தலைவர், நான் உறுப்பினர். இங்கே படித்த காலத்தில் விடுதியில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவள். சபையில் "மேடம்" என்பாள், தனியாக இருந்தால் "ஏட்டி".

"ஏட்டி, அந்தப் பிள்ள எழுதிக் குடுத்துட்டா. குற்றாலிங்கம் சார் மேல."

"என்ன எழுதியிருக்கா?"

"ஒண்ணும் எழுதல. மலர்ல அந்தப் பக்கத்தக் கிழிச்சு ஒட்டி, கீழ 'இதுதான் என் புகார்'னு கையெழுத்துப் போட்டுருக்கா. இத வச்சு நான் என்னத்த விசாரிக்க?"

ஓய்வு பெறும்போது விசாரணை எதுவும் நிலுவையில் இல்லை என்று கல்லூரி சான்று கொடுக்க வேண்டும். அதனால் மார்ச் நடுவுக்குள் முடித்தாக வேண்டும் என்று முதல்வர் சொல்லிவிட்டாராம். உண்மையைக் கண்டுபிடிப்பதற்கு இந்தக் கல்லூரி கொடுக்கும் காலக்கெடு ஒருவருடைய வழியனுப்பு விழாத் தேதி.

சிலிண்டர் வந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

முதல் அமர்வு. நாங்கள் நால்வர். ஹெப்சிபா, நான், அலுவலகக் கண்காணிப்பாளர் முத்தையா, வெளியிலிருந்து வரும் வழக்கறிஞர் ஷமீமா. ஷமீமாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. எங்கள் மூவரையும்விட அவளுக்குத்தான் சட்டம் தெரியும்.

இசக்கிபிரியா வந்து உட்கார்ந்தாள். அம்மா பீடி சுற்றுகிறவர், அப்பா இல்லை. படிப்பில் எப்போதும் முதல் மூன்று இடத்துக்குள்.

"என்ன நடந்துச்சு, சொல்லும்மா" என்றார் முத்தையா. நல்ல மனிதர். குரலில் அவசரம் இல்லை.

"அதுல இருக்கு சார்."

"அது கவிதைலாம்மா. நீ வாயால சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். ஷமீமா தண்ணீர் கொடுத்தாள்.

"சொல்ல வரமாட்டேங்கு மேடம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். ஏன் என்னைப் பார்த்தாள் என்று தெரியவில்லை. "எத்தனையோ தடவ எங்கம்மாட்ட சொல்லணும்னு போனேன். வரல. எழுதுனா மட்டுந்தான் வந்துச்சு. கையோட மட்டும் நிக்கலைன்னு எழுதிக்கோங்க. அவ்ளோதான் சொல்ல முடியும்."

"இந்தக் கைன்னு எழுதியிருக்கியே, அது குற்றாலிங்கம் சார் கைதானா?" என்றாள் ஹெப்சிபா.

"ஆமா."

"கவிதைல பேரு இல்லியே."

"பேரு போட்டுருந்தா அவரு பரிசு குடுத்துருப்பாரா மேடம்?"

முத்தையா எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குறிப்பேட்டில் என் பெயருக்கு எதிரே 'கேள்வி இல்லை' என்று பதிவாகியிருக்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

இரண்டாமாண்டு வகுப்பு. பதினோரு பேர், வந்தது ஒன்பது. அளவைகள் நடத்தினேன். காண்டல், கருதல், உரை. கண்ணால் காண்பது, கண்டதை வைத்து ஊகிப்பது, நம்பத் தகுந்தவர் சொல்லிக் கேட்பது. ஒன்றை அறிய இந்த மூன்று வழிதான்.

ஜன்னலோர பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "மேடம், கவிதை இதுல எதுல வரும்?"

எதற்குக் கேட்கிறாள் என்று வகுப்புக்கே தெரியும். கல்லூரி முழுக்க இதுதான் பேச்சு.

"எதிலயும் வராது" என்றேன். "கவிதை எதையும் அறிவிக்கிறது இல்ல."

"அப்ப எதுக்கு மேடம் எழுதுறாங்க?"

"அது உங்க தமிழ் வாத்தியார்ட்ட கேளு."

ஒன்பது பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. சாக்பீஸை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் இது முதல் தடவை.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று குற்றாலிங்கத்தின் முறை. வெள்ளைச் சட்டை, தோளில் ஜோல்னாப் பை. எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். எனக்குத் தனியாக ஒன்று. "வடிவும்மா, நல்லாருக்கீங்களா?"

புகாரைப் படித்துக் காட்டினார்கள். கோபப்படவில்லை. வருத்தப்பட்டார். வருத்தப்படத் தெரிந்த மனிதர்.

"நான் பிள்ளைகளுக்குக் கவிதை திருத்திக் குடுக்கேன். முப்பத்தஞ்சு வருஷமா. கையப் பிடிச்சுத்தான் எழுதச் சொல்லிக் குடுப்பேன், இல்லேங்கல. அரிச்சுவடி எழுத வைக்கும்போது கையப் பிடிக்காத வாத்தியார் உண்டா? அந்தப் பிள்ளைக்குக் கற்பனை அதிகம். அதான் நல்ல கவிதை எழுதுதா. நல்லா எழுதுததுக்குத் தண்டனை எனக்கா?"

பிறகு பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அட்டையைத் தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. என் ஆய்வேடு. 'கவிதைக் கூற்றின் மெய்மதிப்பு'. முந்நூறு பிரதி அச்சிட்டு இருநூற்று நாற்பது பிரதி என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிற புத்தகம். இவரிடம் இருப்பது அடிக்கோடிட்ட பிரதி.

"நான் சொன்னா என் பக்கம் பேசுததா ஆயிரும். உங்க குழுவுல இருக்கவங்க எழுதுனதையே வாசிக்கேன். 'கவிதையில் வரும் வாக்கியம் மெய்யும் அன்று, பொய்யும் அன்று. அதை நடந்ததாக எடுத்துக்கொள்பவர் கவிதையையும் இழக்கிறார், உண்மையையும் இழக்கிறார்.' பக்கம் நூத்திப் பன்னெண்டு."

அவர் வாசித்தால் எதுவும் நன்றாக இருக்கும். என் வாக்கியம் அவ்வளவு அழகாக இருந்து நான் கேட்டதில்லை.

"இதுக்கு மேல நான் என்ன சொல்ல" என்று புத்தகத்தை மூடினார்.

ஷமீமா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இது நீங்க எழுதுனதா மேடம்?"

"ஆமா" என்றேன்.

அதற்கு மேல் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அந்த இயலிலேயே அதற்கு அடுத்த பத்தி இருக்கிறது, விதிவிலக்குகள் பற்றி, அரை டஜன் அடிக்குறிப்புகளோடு. யாருக்கு வேண்டும் அடிக்குறிப்பு. எட்டு வருடம் உட்கார்ந்து ஒரு கத்தியைத் தீட்டியிருக்கிறேன். எடுத்துக் குத்துகிறவன் வந்து வணக்கமும் சொல்லிவிட்டுப் போகிறான்.

பிப்ரவரி 19, புதன்

தண்ணீர் வரவில்லை. யாரோடும் பேசவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

முத்தையா போட்டிக் கோப்பைக் கொண்டுவந்தார். "மேடம், இதையும் பாத்துருங்க. நான் ஒண்ணும் சொல்லல, பாத்துருங்க."

இருபத்து மூன்று கவிதைகள். ஒவ்வொன்றிலும் நடுவரின் குறிப்புச் சீட்டு. பதினாறாம் எண்ணில் அவர் கையெழுத்து: 'முதல் பரிசு. இது கற்பனை அன்று. பட்டவர் எழுதியது. ஒரு வரிகூடப் பொய் இல்லை. கு.லி.'

சத்தமாகச் சிரித்துவிட்டேன். முத்தையாவும் சிரித்தார். பிறகு இருவரும் சிரித்ததற்காகச் சங்கடப்பட்டோம்.

மூன்று பிரதி நகல் எடுத்தேன். மணிக்கட்டுக்கு டாக்டரைப் பார்த்தேன். எலும்பில் ஒன்றுமில்லையாம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சீட்டைக் குற்றாலிங்கம் முன்னால் வைத்தேன். இது என்னுடைய முதல் கேள்வி.

"ஒரு வரிகூடப் பொய் இல்லன்னு எழுதியிருக்கீங்க சார்."

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முகம் மாறும் என்று காத்திருந்தேன். மாறவில்லை.

"ஆமா. எழுதுனேன். அப்பங்காரன் கையைப் பத்தின கவிதைன்னுலா நெனச்சேன். பொம்பளப் பிள்ளைய எழுத விடாத தகப்பன் கை, புருசன் கை, சமுதாயத்துக் கை. படிக்கும்போது எனக்கே கண்ணு கலங்கிட்டு. ஆனா கவிஞன் சொல்லுத உண்மை வேற, கோர்ட்டு கேக்குத உண்மை வேற. நான் போய் உங்களுக்குச் சொல்லணுமா?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. உண்மையாகவே கண் கலங்கியிருக்கும். அந்தக் கவிதையைப் பத்து நாள் கையில் வைத்திருந்து, மனப்பாடம் செய்து, மேடையில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்கிறார். அந்தக் கை தன்னுடையது என்று ஒரு வினாடிகூடத் தோன்றவில்லை. மனிதனுக்கு உண்மையைக் காட்டக் கவிதைதான் சிறந்த வழி என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் வந்து இந்த மனிதனைப் பார்க்க வேண்டும்.

மதியம் இசக்கிபிரியாவின் அம்மாவை வரவழைத்திருந்தார்கள். யார் வரவழைத்தது என்று கேட்டேன். ஹெப்சிபா கோப்பைப் புரட்டினாள்.

"பரீட்ச எழுதிட்டாப் போதும்மா. வேற ஒண்ணும் வேண்டாம். இவ அப்பா இருந்தா இப்பிடிலாம் எழுதுவாளா?" என்று அழுதார்.

ஹெப்சிபா ஒரு கடிதம் தயாராக வைத்திருந்தாள். 'மேற்படி கவிதை என் கற்பனை. அது வெறும் கவிதையே. புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.' கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

பெண் அம்மாவைப் பார்த்தாள், கடிதத்தைப் பார்த்தாள். பேனாவை எடுக்கப் போனாள்.

"இப்ப வேண்டாம்" என்றாள் ஷமீமா. "யோசிச்சுட்டு வரட்டும். அடுத்த அமர்வு மார்ச் பதினொண்ணு. அன்னைக்கும் இதுதான் முடிவுன்னா போடட்டும்."

பிப்ரவரி 26, புதன்

ஹெப்சிபா வீட்டுக்கு வந்தாள். டிபன் பாக்ஸில் மீன் குழம்பு. சண்டை வரும் என்று தெரிந்தால் அவள் குழம்பு கொண்டு வருவாள்.

"நீங்க ஏங்க்கா அந்த லெட்டர எழுதுனீங்க?"

"பின்ன என்னட்டி செய்யச் சொல்லுத? சாட்சி இருக்கா, ஆதாரம் இருக்கா? ரிப்போர்ட்டுல நிரூபிக்கப்படலன்னு எழுதுனா அந்தப் பிள்ளதான் பொய் சொன்னான்னு ஆயிரும். வாபஸ் வாங்குனா ரெண்டு பேரும் தப்பிச்சாச்சு."

"ரெண்டு பேரும்."

"என்னய முறைக்காத. வாழ்க்கைன்னா அப்பிடித்தான். நீ இன்னைக்கு இப்பிடி டாக்டர் சண்முகவடிவுன்னு போர்டு போட்டு உக்காந்திருக்கியே, எதுனால? அன்னைக்கு நான் சொன்னதக் கேட்டதுனால."

நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

"விடுதிக் கையெழுத்துப் பத்திரிகைல நீ எழுதுன கவிதைய வார்டன் படிச்சுட்டு, யாருட்டி அதுன்னு கேட்டாங்கள்ல. நான்தானே ராத்திரி பூரா உம் பக்கத்துல உக்காந்து சொன்னேன். வெறும் கவிதைன்னு சொல்லிரு, எம்.ஏ. முடியட்டும்னு. சொன்னியா, தப்பிச்சியா?"

குழாயைத் திறந்து விட்டேன். தண்ணீர் சத்தத்தில் பேச முடியாது என்று நினைத்தேன். அவள் குரல் அதைவிடப் பெரியது.

"எல்லாம் நல்லதுக்குத்தாம்ட்டி."

குழம்பை அப்படியே கொட்டிவிட்டேன். பாக்ஸைக் கழுவிக் கொடுத்தனுப்பினேன். இதுவரை இந்த நோட்டில் இதை எழுதியதில்லை. இன்றும் எழுதவில்லை. ஹெப்சிபா சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

மாற்றுக் கருத்துக் குறிப்பு ஒன்று எழுத உட்கார்ந்தேன். கவிதையை உரை அளவையாக ஏற்க முடியுமா என்று ஆரம்பித்து நான்கு பக்கம் போயிற்று. நம்பத் தகுந்தவர் என்பதற்கு இலக்கணம் என்ன? நடந்ததை அறிந்திருக்க வேண்டும், அதைச் சொல்ல விரும்ப வேண்டும், ஏமாற்றும் நோக்கம் இருக்கக் கூடாது. மூன்றும் அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது. வாதம் சரி. ஓட்டை இல்லை. படித்துப் பார்த்தால் குற்றாலிங்கம் வாசிப்பது மாதிரியே காதில் கேட்கிறது. இதற்கும் அவர் ஒரு பதில் வைத்திருப்பார். வாதத்துக்கு வாதம் எப்போதும் இருக்கும். அதை வைத்துத்தான் எனக்குச் சம்பளம்.

கிழித்தேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து புத்தகத்தை இழுத்து நன்றியுரைப் பக்கத்தைப் பார்த்தேன். 'என் முதல் கவிதைகளைத் திருத்தி, கவிதை என்றால் என்ன என்று காட்டிய பேராசிரியர் குற்றாலிங்கம் அவர்களுக்கு.' 2006இல் எழுதியது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அப்போது இதே கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மரியாதைக்கு எழுதினேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்றுமே நடக்கவில்லை என்பதற்கு அச்சில் ஒரு சான்று கொடுத்திருக்கிறேன்.

விடுதி வார்டனிடம் சொன்ன ஒரு பொய்யை நிரூபிக்க எட்டு வருடம். அதற்கு டாக்டர் பட்டம்.

மார்ச் 5, புதன்

நூலகத்துக்கு வெளியே இசக்கிபிரியா.

"மேடம், அந்த லெட்டர்ல கையெழுத்துப் போடப் போறேன். உங்கட்ட முதல்லயே சொல்லிரலாம்னு."

"ஏன் எங்கிட்ட?"

"தெரியல. நீங்க மட்டுந்தான் கேள்வி கேக்கல." கையிலிருந்த நூலகப் புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள். "அந்தக் கவிதைய எழுதாம இருந்திருக்கலாம். எழுதாட்டி அது நடந்தது மட்டுமா இருந்திருக்கும். இப்ப நடக்கலன்னும் எழுதிக் குடுக்கணும்."

நான் எதுவோ சொன்னேன், யோசித்துச் செய் என்பது மாதிரி.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? கவிதையப் பத்தி இவ்ளோ பெரிய புஸ்தகம் எழுதியிருக்கீங்க. நீங்க ஒரு கவிதைகூட எழுதுனதில்லையா?"

"எனக்கு வராது" என்றேன்.

அவள் போனபிறகும் அங்கேயே நின்றேன். இருபத்தேழு வருடம் கழித்து, கேட்கவே யாரும் இல்லாத நூலக வராண்டாவில், ஒரு பிள்ளையிடம் அதே பொய். இப்போது பயமுறுத்த வார்டன்கூட இல்லை.

மார்ச் 6, வியாழன்

ஷமீமாவுக்குப் போன் செய்தேன். என்ன சொல்வது என்று எழுதி வைத்துக்கொண்டுதான் செய்தேன். ஆனாலும் மூன்றாவது வாக்கியத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. மிச்சத்தை அவளே புரிந்துகொண்டாள்.

"உங்களுக்கு நடந்ததுக்கு இப்ப புகார் குடுக்க முடியாது மேடம், காலம் போயிருச்சு. ஆனா இந்தப் பிள்ள கேஸ்ல நீங்க சாட்சி சொல்லலாம். அதே ஆள், அதே முறைன்னு. ஒண்ணு மட்டும். சாட்சி சொல்லணும்னா நீங்க எங்க பக்கம் உக்கார முடியாது."

"அந்தப் பக்கம் ஒரு நாற்காலிதானே இருக்கு" என்றேன்.

"அது போதும்."

குழுவிலிருந்து விலகும் கடிதத்தை முதல்வர் அலுவலகத்தில் கொடுத்தேன். காரணம்: சாட்சி.

மார்ச் 11, செவ்வாய்

சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

ஹெப்சிபா தலை நிமிரவில்லை. "சாட்சியின் பெயர்?" என்றாள். சொன்னேன். வயது, நாற்பத்தொன்பது. பணி. குற்றாலிங்கம் எதிரே இருந்தார். இசக்கிபிரியா சுவரோரமாக, அம்மாவோடு. கையில் அந்தக் கடிதம்.

"1998 ஜனவரி, பிப்ரவரி. நான் எம்.ஏ. இரண்டாமாண்டு. இதே கல்லூரி. பழைய கட்டடம், மாடியில் தமிழ்த் துறையின் இரண்டாவது அறை. புதன்கிழமைகள், சாயங்காலம் நாலு மணிக்கு மேல். ஆறு புதன்கிழமை. கவிதை திருத்தித் தருகிறேன் என்று வரச் சொல்வார். என் வலது கையை, பேனாவோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார். விசிறி ஓடும். நிறுத்தச் சொன்னால் புழுங்கும் என்பார். தாளை என் இடது கையால் பிடித்திருப்பேன். மூன்றாவது புதன்கிழமையிலிருந்து அவருடைய மற்றொரு கை மேசையில் இல்லை." அது எங்கே இருந்தது என்று சொன்னேன். ஷமீமா அப்படியே எழுதினாள். எனக்குக் குரல் உடையவில்லை. ஆத்திரத்துக்கு அந்த நன்மை உண்டு.

குற்றாலிங்கம் என்னை விட்டுக் குழுவைப் பார்த்துப் பேசினார். "இத அப்ப யார்ட்டயாவது சொன்னாங்களா?"

"ஒரு கவிதை எழுதினேன். வார்டன் கேட்டார்கள். வெறும் கவிதை என்று சொன்னேன்."

"கேட்டுக்கிடுங்க. அவங்களே சொல்லுதாங்க."

"அது பொய்" என்றேன். "கவிதை பொய் இல்லை. வார்டனிடம் நான் சொன்னது பொய்."

"அப்ப உங்க புத்தகம்?"

"அதைப் பற்றி வேறு இடத்தில் பேசுவோம் சார். இங்கே தேதி கேட்கிறார்கள்."

அவர் ஹெப்சிபாவிடம் திரும்பினார். "இருவத்தேழு வருஷத்துக்கு முந்தின கதை. இதுக்கு யாரு சாட்சி?"

ஹெப்சிபா பேனாவை மூடினாள். மூடியைச் சரியாகப் பொருத்த இரண்டு தடவை முயற்சி செய்தாள்.

"நான்" என்றாள்.

"மேடம்?" என்றார் முத்தையா.

"அன்னைக்கு ராத்திரி இவ எங்கிட்ட எல்லாத்தையும் சொன்னா. நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னேன். அதையும் எழுதிக்கோங்க."

ஷமீமா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள். "அப்ப நீங்களும் இந்தப் பக்கம் உக்கார முடியாது மேடம்."

"எல்லாரும் அங்ஙன போயிட்டா நான் ஒருத்தன்தாம்மா மிச்சம்" என்றார் முத்தையா. அந்த அறையில் அதற்குச் சிரிப்பு வரக் கூடாது. ஆனால் அந்தப் பெண்ணின் அம்மா சிரித்தார். சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

குழுவைத் திருத்தி அமைத்துப் புதிதாக விசாரிக்க வேண்டும். அதுவரை நிலுவையில் இல்லை என்று யாரும் சான்று தர முடியாது. கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறாயா என்று ஷமீமா இசக்கிபிரியாவைக் கேட்டாள். அவள் கடிதத்தை மடித்து அம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மா அதைத் திரும்பக் கொடுக்கவில்லை.

மார்ச் 12, புதன்

சைக்கிள் ஸ்டாண்டில் இசக்கிபிரியா எனக்காக நின்றாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். அதற்கு ஒரு பதில்கூட மனதில் தயாராக வைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

"மேடம், எந்த வருஷம்னு சொன்னீங்க?"

"தொண்ணூத்தெட்டு."

"நான் பொறக்கவே இல்ல." கொஞ்ச நேரம் கேரியரில் கட்டியிருந்த பையை இறுக்கினாள். இறுகத்தான் இருந்தது. "நீங்க இங்க வேலைக்கு வந்தது?"

"ரெண்டாயிரத்து மூணு."

"அதுலருந்து அதே ஸ்டாஃப் ரூம். அதே மேடை. நான் மொத வருஷம் சேரும்போது எங்களுக்கு வரவேற்பு விழால ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு."

நான் பைக்குள் சாவியைத் தேடினேன்.

"நடுவுல எத்தன பேரு மேடம்?"

"தெரியாது."

"தெரியாதா, இல்ல கேக்கலையா?"

கேட்கவில்லை என்றேன். அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மார்ச் 13, வியாழன்

நடுவில் எத்தனை பேர். ஆண்டு மலர்களை எடுத்து வைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருட மலர்கள். கவிதைப் போட்டியில் பரிசு பெற்ற பெண்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதினேன். முப்பத்தொன்று. அதில் எட்டுப் பேர் என் வகுப்பிலும் உட்கார்ந்தவர்கள். 'கவிதை எதையும் அறிவிப்பதில்லை' என்று நான் சொல்லிக் கொடுத்ததைக் குறிப்பெடுத்துக்கொண்டவர்கள். தேர்விலும் எழுதினார்கள். மதிப்பெண் போட்டேன்.

அவர்கள் கவிதைகளை இப்போது படிக்கிறேன். 2011இல் ஒருத்தி 'மேசை' என்று எழுதியிருக்கிறாள். 2016இல் 'புதன்'. கற்பனையாக இருக்கலாம். இருக்கட்டும். இனி அப்படி நினைத்துக்கொண்டு என்னால் படிக்க முடியாது.

முத்தையாவிடம் முன்னாள் மாணவிகளின் முகவரிப் பதிவேட்டைக் கேட்டேன். அதை வெளியே கொடுக்கக் கூடாதாம். புதிய குழு வந்ததும் முதல் வேலையாகக் குழுவின் பெயரிலேயே அறிவிப்பு அனுப்பலாம், ஷமீமாவிடம் கேட்டுவிட்டேன் என்றார். தாமாகவே கேட்டிருக்கிறார்.

மார்ச் 15, சனி

துணி ஊற வைத்துக்கொண்டிருந்தபோது போன். தெரியாத எண்.

"சண்முகவடிவு மேடமா? நான் அங்க படிச்சவ. 2009 பேட்ச். பேர் இப்ப சொல்லல மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பழைய பிள்ளைங்க குரூப்புல ஒருத்தி போட்டுருந்தா, நீங்க போயி சொன்னீங்கன்னு."

"ஆமா."

பின்னால் குக்கர் விசில், ஒரு குழந்தை யாரையோ கூப்பிடும் சத்தம். அவள் வேறு அறைக்குப் போனாள் போலிருக்கிறது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"நான் கவிதைலாம் எழுதுனதில்ல மேடம். நான் காமர்ஸ். பகுதி ஒன்று தமிழுக்கு மட்டும்தான் அவரு வந்தாரு. கட்டுரை நோட்டு திருத்துறப்போ." மூக்கை உறிஞ்சினாள். "எங்கிட்ட எழுதி வச்சது எதுவுமே இல்ல. கவிதை எழுதுனவங்க மட்டுந்தான் வரலாமா?"

இல்லை என்றேன். வாருங்கள் என்றேன். அவள் அழுது முடிக்கும்வரை போனை வைக்கவில்லை.